செவிடபாடியும் உடும்பும்

தென்பெண்ணையாற்றுப் படுகையில், கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், தமிழகமும் கருநாடகமும் எல்லை கலக்கும் இடத்தில் அமைந்திருப்பது ஓசூர். ஊரின் பெயர் கன்னடச் சொல்லால் ஆயது. 'ஹொஸ ஊரு', அஃதாவது புதிய ஊர் என்பது அதன் பொருள். பெயர் புதிதேயாயினும் ஊர் பழமையுடையது. பிரமன் மலை, பெருமாள் மலை, சிவன் மலை என மூன்று குன்றுகள் இவ்வூர்க்கு அணியாக விளங்குகின்றன. சிவன் மலையின்மேல் அருள்மிகு மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றான். 1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையின் வளர்ச்சியால், இன்று மலையின் அடிவாரம் நாற்புறமும் ஆலைகளும் குடியிருப்புகளும் நிறைந்ததாயிற்று. படியேறி மேலே நின்று நோக்கும் அடியார்க்குத் திருக்கோயிற் கோபுரமும் ஆலைக் கூரைகளும் ஒருங்கே காட்சி தரும்.

இத்தகைய பெருநகரின் தலவரலாற்றில் நடுவிடம் பெற்று நிற்பது காட்டில் வாழும் ஓர் எளிய உயிர். அதுவே உடும்பு. யானை, சிங்கம், இடபம், மயில் என்பன கோயில்களிற் சிறப்புப் பெறுதல் யாவரும் அறிந்தது. கண்டோர் அஞ்சி விலகுவதும், கல்லெறிந்து கொல்வதுமாகிய உடும்பு, பெருமானுக்கே திருமேனியாகும் பேறு பெற்றது எங்ஙனம் என்பது சிந்திக்கத்தக்கது.

தலபுராணம் கூறுவது

ஒருகாலத்து எம்பெருமான் திருவிளையாடல் ஒன்றைத் திருவுளத்திற்கொண்டு, ஒளி பொருந்திய உடும்பின் உருவெடுத்துக் கயிலையினின்றும் நீங்கி இவ்வனத்தை அடைந்தான். அதன் அழகில் ஈடுபட்ட உமையம்மை, அதனைப் பற்றக் கருதிப் பின்தொடர்ந்தாள். உடும்போ கைக்கு எட்டாமல் போக்குக் காட்டிப் புதர்களிடையே மறைந்தது. ஆங்கே தவமியற்றிக்கொண்டிருந்த முத்கலர் முதலாய முனிவர் இருவர், அவ்வுருவில் வந்தவன் பெருமானே என்பதைத் தவவலிமையால் உணர்ந்தனர். அம்மை அவர்பாற் சென்று, உடும்பு போன திசை யாதென வினவினாள். ஒருவர் செவிடர்போலவும் மற்றொருவர் ஊமைபோலவும் இருந்து, விடை கூறாதொழிந்தனர். நடிப்பென அறிந்த அம்மை வெகுண்டு, நடித்த குறையே நுமக்கு நிலையாகுக எனச் சபித்தாள். பின்னர்ப் பெருமான் தன்னுருக் காட்டி அருளிய இடமே இம்மலை என்பர். சிற்சில வேறுபாடுகளோடு இவ்வரலாறு அடியார் நாவில் வழங்கி வருகின்றது. ஊர்க்குச் செவிடபாடி என்னும் பழம்பெயர் உண்டானதும் இக்காரணம் பற்றியே எனக் கூறுவர்.

ஊர்கள் பலவும் மன்னன் பெயரையோ, மரத்தின் பெயரையோ, நீர்நிலையின் பெயரையோ தாங்கி நிற்கும். செவிடபாடியோ தவமுனிவர் ஒருவர் தாமே ஏற்றுக்கொண்ட உடற்குறையைத் தன் பெயராகத் தாங்கிற்று. அவர் அக்குறையை ஏற்றது எதன்பொருட்டு? தம்மிடம் அடைக்கலம்போல் வந்து மறைந்த ஓர் உடும்பைக் காட்டிக்கொடாமையின் பொருட்டு. கேட்டவளோ உலகன்னை. அவள் சினத்திற்கு ஆளாயினும் ஆகலாம், புதரில் மறைந்த உயிரைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது என்று அவர் துணிந்தனர். தலபுராணத்தின் இப்பகுதியை அடியார்கள் பன்முறை நினைந்து பார்த்தல் தகும்.

மும்மொழிக்கும் ஒரு பெயர்

ஓசூர்க் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். ஒரு பண்டத்திற்கு மூன்று பெயர் வழங்கும் ஊர் அது. உடும்பைப் பொறுத்தவரையில் அவ்வேறுபாடு பெரிதில்லை. தமிழில் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உடு அல்லது உடா. மூன்றும் ஒரு வேரினின்று கிளைத்த சொற்கள். இம்மொழிகள் பிரியுமுன்னரே இந்நிலத்து மக்கள் இவ்வுயிரை நன்கறிந்து பெயரிட்டிருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று. வடமொழியில் இதனைக் கோதா என்பர். வில்வீரர் தம் முன்கையில் நாணின் அடி படாமல் அணிந்த தோற்காப்புக்கும் அப்பெயரே வழங்கிற்று. உடும்பின் தோல் அத்துணை உறுதியுடையது.

ஏனைத் தலங்களிலும் நூல்களிலும்

உடும்பு வடிவில் இறைவன் வெளிப்பட்ட வரலாறு ஓசூர்க்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமாகறல், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலம். இராசேந்திர சோழன் பொன்னிறமான உடும்பொன்றைக் கண்டு துரத்த, அது புற்றினுள் புகுந்து மறைந்தது என்றும், புற்றை அகழ்ந்தபோது இறைவன் வெளிப்பட்டான் என்றும் அத்தலவரலாறு கூறும். அங்குள்ள சிவலிங்கத் திருமேனி உடும்பின் வாலைப்போல் மெலிந்த வடிவினது. புற்றிடங்கொண்டார் என்னும் திருநாமமும் பெருமானுக்கு வழங்குகின்றது.

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. உடும்பு புற்றினுட் புகுதல் புராணப் புனைவு மட்டுமன்று. அதன் இயல்பே அது. பெண்ணுடும்பு மண்ணில் வளை தோண்டியும், சிலபோது கரையான் புற்றைக் குடைந்தும் முட்டையிடும். ஓரீட்டில் ஏறத்தாழ 20 முட்டை இடுதல் உண்டு. மாதக்கணக்கிற் கழிந்தபின்னரே அவை பொரியும். புற்றினுள் வெம்மையும் ஈரமும் ஒரு சீராக நிற்பதால் முட்டைகள் கேடின்றிக் காக்கப்படுகின்றன. தலபுராணங்களை இயற்றிய முன்னோர், காட்டுயிர்களின் வாழ்க்கையைக் கண்ணாரக் கண்டறிந்தவர் என்பது இதனாற் புலனாகும்.

கீழைநாட்டிலும் இவ்வுயிர்க்குச் சிறப்புண்டு. பாலர் ஆட்சிக்காலத்து வங்கத்திலும் பீகாரிலும் செய்யப்பட்ட கௌரியம்மையின் சிலைகள் பலவற்றில், பீடத்தின்கீழ் உடும்பு செதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அம்மைக்கு அதுவே ஊர்தி. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முகுந்தராம் சக்கரவர்த்தி என்னும் வங்கப் புலவர் இயற்றிய சண்டிமங்கலக் காப்பியத்தில் காலகேது என்னும் வேடன் கதை வருகின்றது. அவன் வேட்டையைப் பொறாத காட்டு விலங்குகள் சண்டிகையிடம் சென்று முறையிடுகின்றன. அவள் மற்றை விலங்குகளை எல்லாம் மறைத்துவிட்டுத் தானே பொன்னுடும்பாகி அவன் வழியிற் கிடக்கின்றாள். வேறொன்றும் அகப்படாத வேடன் அதனைக் கட்டி வீட்டிற்குக் கொண்டுசெல்ல, அங்கே உடும்பு தேவியாகக் காட்சி தருகின்றது. அவள் அருளால் அவன் வேட்டைத் தொழிலை விட்டு நாடாளும் நிலை எய்தினான் என்பது கதை. ஓசூரில் பெருமான் உடும்பாக, அம்மை பின்தொடர்ந்தாள். வங்கத்திலோ அம்மையே உடும்பாகி, உயிர்களின் முறையீட்டிற்குச் செவிசாய்த்தாள்.

வேட்டையும் வழிபாடும்

இவ்வாறு போற்றப்பட்ட உயிர் உண்ணப்பட்டும் வந்தது என்பதை மறைத்தற்கில்லை. பழந்தமிழர் வாழ்க்கையைக் கூறும் புறநானூற்றில் உடும்பு முல்லைநிலத்தார் உணவுப்பொருள்களுள் ஒன்றாக வருகின்றது. பசியால் வாடிய பாணனது விலாவெலும்பு புடைத்துத் தோன்றுதற்கு உரித்த உடும்பை உவமை கூறினார் கோவூர் கிழார். ஐந்து நகமுடைய உயிர்களுள் உண்ணத்தக்கவை ஐந்து என்று கிட்கிந்தா காண்டத்தில் வாலி கூறுமிடத்து, வான்மீகி முனிவர் உடும்பையும் அவற்றுள் எண்ணுகின்றார்.

கிருட்டிணகிரி மாவட்டம் முழுவதுமே வேட்டையின் நினைவைக் கல்லிற் பொறித்து வைத்த நிலம். புலியோடு பொருது மாண்டார்க்கும், பன்றியைக் குத்தி வீழ்ந்தார்க்கும் எடுத்த நடுகற்கள் இங்குப் பல. ஓசூரை அடுத்த தேன்கனிக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் பேட்டராய சுவாமியின் திருநாமத்திற்கு, வேட்டைக்குரிய அரசன் என்று பொருள். 'பேட்டெ' என்பது வேட்டையைக் குறிக்கும் கன்னடச் சொல். ஒரு கோட்டத்தில் இறைவன் வேட்டுவனாக வழிபடப் பெறுகின்றான். அதனை அடுத்த மலையில் அவனே துரத்தப்படும் உயிராக வழிபடப் பெறுகின்றான். காட்டின் நடுவே வாழ்ந்த முன்னோர் இரண்டையும் ஒருங்கே போற்றினர். ஒரு வேளைப் பசிக்கு வேட்டையாடிய அவர், காட்டை அழித்துவிடவில்லை. உடும்பினத்தை வேரறுக்கவும் இல்லை. அப்பெருங்கேடு பிற்காலத்து வாணிகத்தால் நேர்ந்தது.

வீண்பழியும் உண்மையும்

உடும்பைப் பற்றி நாட்டில் வழங்கும் பழிகள் பல. அதன் பிளவுபட்ட நாக்கில் நஞ்சுண்டு என்பர். கடித்தால் உயிர் பிழைத்தல் அரிது என்பர். மனையுட் புகுந்தால் குடிக்குக் கேடு என்று நிமித்தம் கூறுவாரும் உளர். இவற்றை நம்பியே கண்டவிடத்துத் தடியெடுப்பார் இன்றும் உண்டு.

பிளவுபட்ட நாக்கு உடும்பிற்கு மூக்கின் தொழிலைச் செய்வது. காற்றிலும் மண்ணிலும் உள்ள மணத்துகளை நாவால் தொட்டெடுத்து, மேலண்ணத்திலுள்ள உறுப்பொன்றிற் சேர்த்து, இரை இருக்கும் திசையையும் பகை வரும் திசையையும் அது அறிந்துகொள்ளும். நாகத்திற்கும் கட்டுவிரியனுக்கும் உள்ளனபோன்ற நச்சுப்பற்கள் அதற்கு இல்லை. உடும்பினத்தின் வாய்ச்சுரப்பியில் நச்சுத்தன்மையுள்ள சில புரதங்கள் உண்டென இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் கூறினும், நச்சுப்பாம்பின் நஞ்சோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அகப்பட்டபோது கடிக்கும், வாலால் அடிக்கும், உடலைப் பருக்கச் செய்து சீறும், அவ்வளவே. வழி விட்டால் ஓடி மறைவதே அதன் முதல் விருப்பம். மனையுட் புகுவது எலியையோ நிழலையோ நாடித்தான்.

அதன் உணவைக் கருதுவோர்க்கு அதன் பயன் விளங்கும். வண்டும் புழுவும் வெட்டுக்கிளியும் தேளும் நண்டும் நத்தையும் அதன் நாள்தோறும் உணவு. எலியைத் தின்னும், பாம்பையும் தின்னும், செத்துக்கிடக்கும் விலங்குகளைத் தின்று நிலத்தைத் தூய்மை செய்யும். கோழிமுட்டையையும் குஞ்சையும் சிலபோது கவரும் என்பது மெய்யே. எனினும் ஒரு குஞ்சிற்காக உழவர் இழப்பது, வயல்வரப்பில் ஊதியமின்றிக் காவல் புரியும் ஓர் ஏவலாளனை. தமிழகத்தில் காணும் உடும்பு வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேலும் வளரும். குட்டிகள் மஞ்சட் புள்ளிகளும் பட்டைகளும் பெற்றுப் பளபளப்பாகத் தோன்றும். பொன்னுடும்பு என்னும் வழக்கிற்கு அந்நிறமும் ஒரு காரணமாகலாம்.

உடும்புப் பிடி என்னும் வழக்கு அதன் நகங்களின் வலிமையால் வந்தது. பாறையிடுக்கிற் புகுந்து உடலை விரித்துக்கொண்டால் இழுத்தெடுத்தல் மிக அரிது. 1670ஆம் ஆண்டில் சிவாசியின் படைத்தலைவன் தானாசி மாலுசரே, உடும்பின்மேற் கயிறு கட்டிச் சிம்மகட்டக் கோட்டைமதிலில் ஏறினான் என்று மராட்டியர் பெருமிதத்தோடு கூறுவர். அதனைக் கதையென்றே கொள்வாரும் உளர். மெய்யோ கதையோ, கொண்டதை விடாமைக்கு உவமையாகும் பெருமையை மராட்டியரும் தமிழரும் ஒப்ப உடும்பிற்கு அளித்தனர்.

வாணிகம் விளைத்த கேடு

20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டார் காலணிக்கும் கைப்பைக்கும் உடும்புத்தோலை விரும்பினர். பெருந்தொகையான தோல்கள் இந்நாட்டிலிருந்து கப்பலேறின. இறைச்சிக்கும், மூட்டுநோய்க்கு மருந்தெனப் பெயரிட்ட எண்ணெய்க்கும் மேலும் பல கொல்லப்பட்டன. அவ்வெண்ணெய் நோயைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. இசையுலகும் இதிற் பங்குகொண்டிருந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரி மேடையிற் சிறப்பெய்திய கஞ்சிராவுக்கு உடும்புத்தோலே போர்த்தப்பட்டு வந்தது. அந்நாளில் அது குற்றமாகக் கருதப்படவில்லை. இந்நாளில் ஆட்டுத்தோலையும் செயற்கைத் தோலையும் கொண்டு கஞ்சிரா செய்யப்படுகின்றது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பே உடும்பிற்கும் உரியது. 1975ஆம் ஆண்டு முதல் உலகநாடுகளின் உடன்படிக்கையும் அதன் வாணிகத்தைத் தடுத்து நிற்கின்றது. உடும்பைக் கொன்றாலும் விற்றாலும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு.

இவை யாவற்றினும் அடியார் நெஞ்சை வருத்தத்தக்க செய்தி ஒன்றுளது. 'ஹத்தா ஜோடி' என்னும் பெயரால், கூப்பிய இரு கைகள்போல் தோன்றும் ஒரு பொருள் வடநாட்டில் பூசைப்பொருளாக விற்கப்பட்டு வந்தது. அரிய மலைச்செடியின் வேர் அது, பூசையறையில் வைத்தால் செல்வம் பெருகும் என்றெல்லாம் விளம்பரம் செய்தனர். 2017ஆம் ஆண்டில் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அதிகாரிகளும் உயிரின ஆர்வலர்களும் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அது வேரன்று; ஆணுடும்பைப் பிடித்து, அதன் பிறப்புறுப்பை அறுத்து உலர்த்திய பொருள். கணினிவழி அங்காடிகளிலும் அது விலைபோயிற்று. வாங்கியவர் பெரும்பாலும் நல்லெண்ணமுடைய பக்தர்களே. வேரென்று நம்பிக் குங்குமம் இட்டு, விளக்கேற்றி வழிபட்டனர். பெருமான் எவ்வுயிரின் வடிவில் செவிடபாடிக்கு வந்தானோ, அவ்வுயிரை அறுத்த துண்டத்தை அவன் சந்நிதியிலேயே வைத்துப் பூசித்தலினும் கொடிய அறியாமை வேறு யாது?

எல்லைநாட்டின் இன்றைய நிலை

சூளகிரிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் இடையே கிடக்கும் பாறைக்குன்றுகளும் முட்புதர்களும் வரப்புகளும் உடும்பிற்கு உறைவிடம். பெருங்காடு அதற்கு வேண்டுவதில்லை. ஒரு பாறை வெடிப்பும், ஒரு புற்றும், சிறிது புதரும் போதும். அச்சிறிய இடமே இன்று அருகி வருகின்றது. கருங்கற் குவாரிகளால் குன்றுகள் குறைகின்றன. சாலைகள் அகலுகின்றன, வெயில் காய வந்த உடும்பு சக்கரத்தில் நசுங்குகின்றது. புறநகரில் மனை பிரிப்போர் முதற்கண் செய்வது புற்றை இடித்துப் புதரை எரித்தலே.

யானையும் இவ்வாறே பழிக்கு ஆளாகியிருக்கின்றது. பன்னேருகட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகத் தளிப்பகுதிக்குக் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் வருதல் தொன்றுதொட்ட வழக்கம். வழியில் வேலியும் வீடும் எழுந்தபின், யானை ஊருக்குள் புகுந்தது என்கின்றனர். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014ஆம் ஆண்டிலும், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டமை இந்நாட்டு உயிர்கட்கு ஆறுதலாயிற்று. எனினும் சரணாலய எல்லைக்குப் புறத்தே, ஆலைச்சுவரின் ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வாழும் உடும்பைக் காப்பது அங்கு வாழும் மக்களின் கையிலேயே உள்ளது.

திருப்பணியும் உயிர்ப்பணியும்

குடமுழுக்கு என்பது கல்லையும் சுதையையும் புதுக்குவதோடு நிறைவுறுவதன்று. அடியார் உள்ளமும் அன்று புதுக்கப்படுதல் வேண்டும். திருப்பணி செய்வோர் மதிலிடுக்கையும் கோபுரப் பொந்தையும் அடைக்குமுன், ஆங்கு வாழும் உடும்பும் ஆந்தையும் மரநாயும் வெளியேற வழியும் காலமும் அளித்தல் அறம். நந்தவனத்தின் ஒரு மூலையில் புற்றையும் புதரையும் விட்டுவைத்தல் செலவில்லாத் திருப்பணி. ஆலையிலோ வீட்டிலோ உடும்பு புகுந்தால் தடியெடாது வனத்துறையினர்க்குச் செய்தி சொல்லுதல் போதும். பூசைக்கென்று எவரேனும் அரிய வேரையும் அற்புத எண்ணெயையும் கொணர்ந்தால், அதன் பின்னே ஓர் உயிரின் துன்பம் உண்டோவென்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செவிடபாடி முனிவர் இருவரும் பேசாதிருந்து ஓர் உயிரைக் காத்தனர். இக்காலத்தில் காத்தற்கு வேண்டுவது பேச்சு. இது நஞ்சுடையதன்று, இது நம் பெருமான் கொண்ட வடிவம் என்று பிள்ளைகட்கும் அயலார்க்கும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். மலைப்படியில் வெயில் காயும் உடும்பைக் கண்டு ஒதுங்கி வழிவிடும் அடியார், சந்நிதியை அடையுமுன்னரே வழிபாட்டைத் தொடங்கினவர் ஆவர். மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரப் பெருமான் திருவருள் ஊர்வன, பறப்பன, நடப்பன யாவற்றின்மேலும் பொழிக.